சித்திரக் கதைகளில் எச்சம்

படம் பார்த்தல் சிறார்க்குரியது, நூல் ஓதுதல் பெரியோர்க்குரியது என்பது நம்மனோரிடை நெடுநாள் வழங்கிவரும் ஒரு கொள்கை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தே படம் ஓர் ஊன்றுகோல். நடை தேறியபின் ஊன்றுகோலை எறிந்துவிடல் வேண்டும் என்பர். இக்கொள்கை எத்துணை ஏற்புடைத்து என்று ஆராயும் வாய்ப்பு எனக்கு இவ்வாண்டு கிட்டிற்று. கோடை விடுமுறையிலும், பின்னர் விடுதியில் விளக்கணையும் வேளைக்கு முன்னும், அண்மைக் காலத்துச் சித்திர நூல்கள் ஆறனை யான் ஓதினேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் மேசைமீது செய்யுளியல் உரைக்கு அருகே படக்கதைப் புத்தகம் கிடத்தலைக் கண்டு நண்பர் சிலர் நகைத்தனர். எம் ஆசிரியருள் ஒருவர் மட்டும் நகைத்திலர். அவர் அந்நூலைக் கையிலெடுத்து, நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டி, "தம்பி, இதை இலக்கியம் என்கிறாய். செய்யுளுக்கு உறுப்பு இன்னின்னவென்று எண்ணிச் சொல்கிறோம். இதற்கு உறுப்பு எது? அதைச் சொல், பிறகு பார்ப்போம்" என்றார். அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

முதற்கண் இத்துறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். நம் நாட்டிலே சித்திரக்கதை என்றவுடன் பலர்க்கும் நினைவு வருவது சிவகாசி. 1972ஆம் ஆண்டில் அவ்வூரிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கிற்று. 'இரும்புக்கை மாயாவி' நம் தந்தையர் தலைமுறைக்கு உறவினன் போலானான். அவ்விதழ்களில் வந்தவை பெரும்பாலும் அயல்நாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பே. மேனாட்டிலோ, 1978இல் வில் ஐஸ்னர் நியூயார்க் நகரத்து ஏழை யூதரின் வாழ்வைச் சித்திரங்களாற் புனைந்து வெளியிட்ட நூலின்பின், 'கிராபிக் நாவல்' என்னும் பெயர் பரவலாயிற்று. ஆர்ட் ஸ்பீகல்மன், தம் தந்தை நாஜிகளின் கொலைமுகாமினின்று பிழைத்த வரலாற்றை 'மௌஸ்' என்னும் பெயரால் 1986இலும் 1991இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். அதிலே யூதர் எலிகள், நாஜிகள் பூனைகள். அந்நூலுக்கு 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. அது முதல், இத்துறையை முற்றும் புறக்கணித்தல் அறிஞர்க்கு அரிதாயிற்று.

இனி, ஆசிரியர் வினவிய உறுப்பிற்கு வருவேன். சித்திரக்கதையின் பக்கத்தைத் திறந்தால் நாம் காண்பன மூன்று: கட்டங்கட்டமாக அமைந்த படம், அதனுள் பேச்சுக் குமிழியில் அடங்கிய சொல், கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையே ஓடும் வெள்ளிய சந்து. முதல் இரண்டையும் எல்லாரும் காண்பர். மூன்றாவதை ஒருவரும் பொருட்படுத்தார். ஆயின் கதை நடப்பது அச்சந்திலேதான். ஒரு கட்டத்திலே ஒருவன் கதவின் தாழில் கை வைக்கின்றான். அடுத்த கட்டத்திலே மழையில் நடக்கின்றான். கதவைத் திறந்ததும், படியிறங்கியதும், ஒரு கணம் திரும்பிப் பார்த்ததும் எவராலும் வரையப்படவில்லை. அவற்றைச் செய்து முடிப்பவன் படிப்போனே. ஸ்காட் மக்கிளௌட் என்னும் அமெரிக்க ஓவியர் 1993இல், சித்திரக்கதையின் இலக்கணத்தைச் சித்திரக்கதையாகவே எழுதியபோது, இச்சந்தையே இக்கலையின் நடுநாடியாகக் காட்டினார்.

இதனைப் படித்தபோது எனக்குச் செய்யுளியல் நினைவிற்கு வந்தது. தொல்காப்பியர் செய்யுளுக்கு எண்ணிய 34 உறுப்புக்களுள் எச்சம் என்பதும் ஒன்று. சொல்லாலும் குறிப்பாலும் எஞ்சி நிற்பதனைக் கேட்போன் தானே கொணர்ந்து முடித்துக்கொள்ளுமாறு விடுதலே எச்சம். சொல்லாது விட்ட இடத்தையும் செய்யுளின் உறுப்பென எண்ணியது நம் முன்னோரின் நுண்ணறிவு. கை கால் போல வெற்றிடமும் ஓர் உறுப்பு. சித்திரக்கதையின் வெள்ளைச் சந்து அவ்வெச்சத்திற்குக் கண்ணாற் காணத்தக்க ஓர் உருவம் என்பது என் துணிபு. இவ்வொரு கருத்தையே உரைகல்லாகக் கொண்டு, யான் ஓதிய ஆறு நூல்களையும் ஒவ்வொன்றாக நோக்குவேன். ஆறும் வெவ்வேறு வகையின.

முதலாவது, ஷான் டான் 2006இல் வெளியிட்ட 'தி அரைவல்'. 'வருகை' என நாம் பெயர்க்கலாம். இவர் ஆஸ்திரேலியர், இவர் தந்தை மலேசியாவினின்று ஆங்குக் குடியேறியவர். இந்நூலிலே படிக்கத்தக்க சொல் ஒன்றேனும் இல்லை. ஒருவன் தன் மனைவியையும் மகளையும் விட்டு, பெட்டியோடு கப்பலேறி, அயல்நாட்டு நகரம் ஒன்றை அடைகின்றான். அந்நகரத்து எழுத்துக்கள் எந்நாட்டு எழுத்துமல்ல. ஆசிரியர் தாமே புனைந்தவை. ஆதலின் கதைத்தலைவனைப் போலவே நாமும் ஆங்கு எழுத்தறியாதவராகிவிடுகின்றோம். சுவரொட்டி ஒட்டும் வேலை அவனுக்குக் கிடைக்கின்றது. எழுத்துத் தெரியாமையால் அவற்றைத் தலைகீழாக ஒட்டுகின்றான். கடற்பயணத்தின் நெடுமையைக் காட்ட வந்த ஆசிரியர், வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களில் மேகங்களை மட்டும் வரைந்துள்ளார். ஒவ்வொரு மேகமும் ஒருவகை. அவற்றைப் பார்த்துக்கொண்டே வரும்போது நாட்கள் கழிகின்றன.

இந்நூலை யான் விடுமுறையில் ஊருக்குக் கொண்டு சென்றிருந்தேன். எம் பாட்டியார்க்கு எழுத்துத் தெரியாது. ஆலயத்தில் ஞானப்பாட்டுக்களை நெஞ்சிலிருந்தே பாடுவார். கையிலுள்ள புத்தகம் மரியாதைக்கு. ஒரு பிற்பகல் அவர் இந்நூலை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, முதற்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். இடையே யான் ஒன்றும் விளக்கினேனில்லை. பெட்டியின்மேல் கணவன் கையும் அவன் கைமேல் மனைவி கையும் இருக்கும் பக்கம் வந்ததும், பாட்டியார் நெடுநேரம் புரட்டவில்லை. பின்னர் அடுத்த பக்கத்தைப் பார்த்தார்; மீண்டும் முன்பக்கத்திற்கு வந்தார்.

"ஏ மக்கா, பொட்டிய மூடியாச்சு. அடுத்தால பொறப்பட்டுட்டாவ. நடுவுல இவ ஒண்ணுமே சொல்லலியா?"

"படத்தில் இல்லை, பாட்டி."

"சொல்லியிருப்பா. ஒங்க தாத்தா குவைத்துக்குப் போகயில நானும் ஒண்ணு சொன்னேன். அத ஒருத்தரும் எழுதி வைக்கல."

அவர் கூறியது யாது என்று யான் கேட்டேன். பாட்டியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தேநீர் வைக்க எழுந்து போய்விட்டார். எம் தாத்தா 1979இல் தச்சுவேலைக்காகக் குவைத் சென்று ஆறாண்டுகள் கழித்துத் திரும்பியவர். யான் பிறக்குமுன்னரே காலஞ்சென்றவர். அக்குடும்பக் கதையை யான் பலமுறை கேட்டிருக்கின்றேன். பெட்டியின் விலை, கப்பலா விமானமா என்னும் பேச்சு, வந்த கடிதங்களை அண்டை வீட்டு ஆசிரியர் படித்துக் காட்டியது, எல்லாம் கேட்டிருக்கின்றேன். பெட்டி மூடியபின் பாட்டியார் ஒன்று சொன்னார் என்பதை அன்றுதான் முதன்முறை கேட்டேன். ஆஸ்திரேலிய ஓவியர் ஒருவர் விட்ட ஒரு விரற்கடை வெள்ளையிலே, எங்கள் வீட்டு அடுக்களையில் நாற்பது ஆண்டுக்கு மேலாக மறைந்திருந்த ஒரு சொல் வந்து நின்றது. எச்சத்தின் ஆற்றலுக்கு இதனினும் சான்று யான் தரவல்லேனல்லேன்.

இரண்டாவது, 'பீமாயணம்'. டாக்டர் அம்பேத்கரின் வாழ்வில் நிகழ்ந்த சில கொடுமைகளைக் கூறும் இந்நூல் 2011இல் வெளிவந்தது. வரலாற்று நூல் வகையைச் சார்ந்தது. ஓவியர் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் இருவர். மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு மரபினர். பள்ளியிலே தாகத்திற்குத் தண்ணீர் பெற இயலாத சிறுவன். 1901இல் தந்தையைக் காணச் சென்றபோது, சாதி அறிந்த வண்டிக்காரன் வண்டியோட்ட மறுக்க, இரட்டைக் கூலி கொடுத்துத் தாமே வண்டியை ஓட்டிச் சென்ற பிள்ளைகள். பரோடாவில் தங்க இடமின்றி மரத்தடியில் அமர்ந்த அறிஞர்: இவை இந்நூலின் பொருள்.

ஆயின் என் உரைகல் இந்நூலிலே ஓர் இடரை அடைந்தது. இதிலே கட்டங்களே இல்லை. மாந்தரைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம், அவர்க்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அவ்வோவியரின் கொள்கை. தம் ஊர்ச் சுவர்களிலும் தரையிலும் இடும் 'திக்னா' என்னும் கோலத்தின் வளைகோடுகளால் பக்கத்தைப் பிரித்துள்ளனர். கட்டம் இல்லையேல் சந்தும் இல்லை. எச்சம் எங்ஙனம் நிற்கும்? ஊன்றி நோக்கியபோது விடை கிடைத்தது. இங்கே எச்சம் பேச்சுக் குமிழியின் வடிவத்திலே நிற்கின்றது. தீங்கற்றோர் சொல் பறவை வடிவான குமிழியில் வருகின்றது; சாதிச் செருக்குடையோர் சொல் தேள்கொடுக்கு வாய்ந்த குமிழியில் வருகின்றது. ஒருவன் சொன்ன சொல் நாகரிகமாகவே இருப்பினும் அதன் வால் தேளாயிருப்பின், கேட்டவன் நெஞ்சிற் பாய்ந்த நஞ்சை நாம் உய்த்துணர்கின்றோம். அது வரையப்படவில்லை, நமக்கே விடப்பட்டுள்ளது. சொல்லுக்கும் அதன் குறிப்பிற்கும் உள்ள இடைவெளியை இதனினும் எளிதாக வகுப்பறையில் விளக்குதல் அரிது. ஒரு குறையும் உண்டு. அழகு மிகுந்த சில பக்கங்களில் மயிலும் மீனும் மரமும் கண்ணை ஈர்க்க, துன்பத்தின் கூர்மை சற்று மழுங்குகின்றது.

மூன்றாவது, 'மார்ச்'. இது மூன்று பாகங்களாய் 2013, 2015, 2016ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப்போரில் முன்னின்று, பின்னர் நெடுங்காலம் காங்கிரஸ் உறுப்பினராயிருந்து, 2020இல் மறைந்த ஜான் லூயிஸின் வரலாறு. அவரே ஆண்ட்ரூ அய்டின் என்பவரோடு சேர்ந்து எழுத, நேட் பவல் வரைந்தார். மூன்றாம் பாகம் 2016இல் இளையோர் இலக்கியத்திற்கான தேசியப் புத்தகப் பரிசு பெற்றது. இதன் பின்னே ஒரு கதையுண்டு. 1957இல், மாண்ட்கமரி நகரத்துப் பேருந்து மறியலையும் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் அறவழியையும் விளக்கும் பதினாறு பக்கச் சித்திரக்கதை ஒன்று பத்து சென்ட் விலையில் வெளியிடப்பட்டது. மாணவர் கையிலும் கோயில்களிலும் அது பரவிற்று. இளைஞரான லூயிஸும் அதனைப் படித்தவர். அப்பதினாறு பக்கமே அறுபதாண்டு கழித்து இம்மூன்று பாகங்களாய் விளைந்தது எனலாம்.

இந்நூலில் நகைச்சுவைக்கும் இடமுண்டு. அலபாமாவின் பண்ணையிலே சிறுவன் லூயிஸ் கோழிகளைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் செய்கின்றான். இறந்த கோழிக்கு அடக்க ஆராதனையும் நடத்துகின்றான். அக்கோழிகள் கேட்டன; ஆமென் மட்டும் சொல்லவில்லை. அச்சிறுவனே 1965 மார்ச்சு 7ஆம் நாள் செல்மா நகரத்துப் பாலத்தின்மீது, தடியேந்திய காவலரை எதிர்நோக்கி, கைகளை வீசாது நிற்கின்றான். முதற் பாகத்தின் தொடக்கத்திலேயே இப்பாலம் வருகின்றது. அதன் முழு நிகழ்ச்சியோ மூன்றாம் பாகத்திலேதான் விரிகின்றது. இடையிலே இரு பாகங்களும் ஒருவனை அப்பாலத்திற்குக் கொணர்ந்து நிறுத்தியது யாது என்னும் எச்சத்தை நிரப்புகின்றன. பெயர்களும் சங்கங்களும் நாட்களும் செறிந்து சில பக்கங்கள் பாடநூல் போலாதல் இதன் குறை. ஆயினும் கரிய மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே கொண்டு அடியின் ஓசையைக் கேட்பித்தல் பெருந்திறம்.

நான்காவது, கனடா நாட்டுக் கேட் பீட்டன் 2022இல் வெளியிட்ட 'டக்ஸ்', அதாவது 'வாத்துகள்'. இது தன்வரலாறு. கல்லூரிப் படிப்பை முடித்த ஒரு பெண், படிப்புக்கடனை அடைப்பதற்காக, 2005இல் தன் கடலோர ஊரை விட்டு, ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெய் மணற்சுரங்கங்களுக்குச் செல்கின்றாள். ஆங்குக் கருவிகள் வழங்கும் அறையில் வேலை. ஆண்கள் மிகப் பலர்; பெண்கள் மிகச் சிலர். நாள்தோறும் கேட்கும் சொற்கள், பார்க்கும் பார்வைகள், கதவைத் தட்டும் கைகள் ஆகியவற்றைச் சாம்பல் நிறத்துச் சிறு கட்டங்களில் ஆசிரியை சலிப்பின்றி அடுக்கிச் செல்கின்றார். அவர்க்கு நேர்ந்த பெருங்கொடுமையை விரித்து வரைந்தாரில்லை. அங்கே ஓவியம் பின்வாங்கிவிடுகின்றது. பார்ப்போன் கண்ணுக்கு அதனை விருந்தாக்க மறுத்ததே அவர் காத்த மானம். எச்சம் சில இடத்து அழகுக்கு. இங்கே அது வேலி.

இந்நூலை யான் மதித்தற்கு வேறொரு காரணமும் உண்டு. கொடுமை செய்வோரையும் அவர் அரக்கராக வரையவில்லை. அவர்களும் வேலையின்றி வாடிய ஊர்களினின்று வந்தோர். வீட்டை விட்டு, தனிமையிலும் பனியிலும் கிடந்து, உள்ளம் சிதைந்தோர். அவ்விடம் மாந்தரை என்ன செய்கின்றது என்பதே அவர் கேட்கும் வினா. 2008இல் அச்சுரங்கக் கழிவுநீர்க் குளம் ஒன்றில் இறங்கி 1,600க்கு மேற்பட்ட வாத்துகள் மாண்டன. உலகச் செய்தித்தாள்கள் அதனை எழுதின. அக்குளத்தருகே வாழ்ந்த மாந்தர் சிதைந்ததை எவர் எழுதினர்? நூலின் பெயரே ஓர் எச்சம். படிப்புக்கடன் என்பது நம்முள் பலர்க்கும் அயலதன்று; ஆதலின் இந்நூல் நம் விடுதியிலே கைமாறிக் கைமாறிச் சென்றது வியப்பன்று.

ஐந்தாவது, ஜப்பானியச் சித்திரக்கதை 'ஃபிரீரென்'. கனெஹிதோ யமாதா எழுத, ட்சுகாசா அபே வரைய, 2020இல் வார இதழொன்றிலே தொடங்கி, அடுத்த ஆண்டே மங்கா தைஷோ பரிசு பெற்றது. வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். அற்புதக் கதை வகையைச் சார்ந்தது. மாயமும் வாளும் அரக்கரும் இதனுள் உண்டு. ஆயின் பிற கதைகள் முடியுமிடத்தே இது தொடங்குகின்றது. அரக்கர்கோனை வென்ற நால்வர் பத்தாண்டுப் பயணம் முடித்து ஊர் திரும்புகின்றனர். அவருள் ஃபிரீரென் என்னும் மாயக்காரி ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த இனத்தாள். பத்தாண்டு அவளுக்கு ஒரு பிற்பகல் போன்றது. எரிமீன் பொழியும் இரவொன்றில் நால்வரும் பிரிகின்றனர். ஐம்பதாண்டு கழித்து மறுபடி அக்காட்சியைக் காண அவள் வருகின்றாள். தலைவன் கிழவனாய் நிற்கின்றான். சின்னாளில் இறக்கின்றான். அடக்கத்தின்போது, உடன் நடந்த பத்தாண்டில் அவனை அறிய முயலவில்லையே என்று அவள் அழுகின்றாள்.

ஐம்பதாண்டு, ஒரு சந்து. பக்கத்தைப் புரட்டும் விரலுக்கும் அவள் வாழ்வுக்கும் அது ஒன்றே அளவு. அவனுக்கோ அது வாழ்நாள் முழுதும். மீதிக் கதையெல்லாம் அச்சந்தை அவள் திரும்பிச் சென்று நிரப்பும் முயற்சி. அவனூர்ப் பூவொன்றைத் தேடி அரையாண்டு காட்டிலே அலைகின்றாள். போர்க்காட்சிகள் நீளும் பகுதிகளில் கதை மெலிகின்றது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையை இத்துணை அமைதியாகத் தோற்றுவித்த நூல் இளைஞர் படிக்கும் வார இதழிலே வந்தது என்பதை நம் இதழாசிரியர் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆறாவது நூலைப்பற்றிக் கூறவே யான் இத்துணையும் வழிநடந்தேன். அது 'வன்னி'. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லக் வரைய, 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. டிக்ஸ் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளராய் இலங்கையின் வன்னிப்பகுதியில் இருந்தவர். 2008 செப்டம்பரில், அரசின் அறிவிப்பை ஏற்று, அச்சபை தன் அயல்நாட்டுப் பணியாளரைக் கிளிநொச்சியினின்று விலக்கிக்கொண்டது. போக வேண்டா என்று மக்கள் வாயிலில் நின்று இரந்தனர். வாகனங்கள் போயின. அவற்றுள் ஒன்றிலே டிக்ஸும் இருந்தார். பின்னர், பிழைத்து வெளியேறிய தமிழரைக் கண்டு, அவர் வாய்மொழியைத் திரட்டி, அவற்றினின்று இராமச்சந்திரன் குடும்பம் என்னும் ஒரு புனைகுடும்பத்தை அமைத்து, இந்நூலைச் செய்தார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் வீடிழந்த அக்குடும்பம், பின்னர்ப் போரால் முகாமினின்று முகாமுக்குத் துரத்தப்படுகின்றது.

இங்கே எச்சம் கலைஞன் விட்ட இடமன்று. வரலாறே விட்ட இடம். சபையின் பணியாளர் சென்றபின், செய்தியாளர்க்கும் வழி அடைபட்டது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில், கடலோரத்து ஒடுங்கிய மணற்பரப்பிலே பல நூறாயிரம் மக்கள் நெருக்குண்டு கிடந்தபோது, அதனைக் காண வெளியாரின் கண் மிக அரிதாயிற்று. மே மாதத்தில் போர் முடிந்தது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று, ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறிற்று. 'இருக்கலாம்' என்னும் அச்சொல்லை நோக்குக. மாண்டோரை எண்ணுதற்கும் ஆளில்லாமையின் அடையாளம் அது.

நிழற்படம் இல்லாத இடத்திலே கோட்டோவியம் சாட்சி சொல்ல வருகின்றது. கேட்டதை வரைதல் கண்டதாகுமா என்று ஒருவர் வினவலாம். ஆகாது, அவ்வாறு ஆவதாக இந்நூல் கூறவுமில்லை. ஆயின் ஓவியத்திற்கு நிழற்படம் பெறாத ஓர் அறமுண்டு. நிழற்படம் சாட்சி சொன்னவர் முகத்தைக் காட்டிவிடும். அம்முகத்தை அறிந்தவரால் அவர்க்கோ ஊரிலுள்ள அவர் உறவினர்க்கோ தீங்கு நேரக்கூடும். ஓவியம் முகத்தை மாற்றி, துயரத்தை மாற்றாது வைக்கின்றது. பதுங்குகுழியின் விளிம்பைப் பற்றும் கை எவர் கை என்று எவரும் கண்டுபிடித்தல் இயலாது; அது கை என்பதை எவரும் மறுத்தலும் இயலாது.

இந்நூலை யான் ஒரே இரவில் ஓதினேன். ஓதும்போது நெஞ்சை உறுத்தியது ஒன்று. குமிழிகளில் உள்ளது ஆங்கிலம். அதைப் பேசுவோர் தமிழர். தாய் மகனை அழைக்கும்போதும், ஷெல் வீழும்போது ஒருவர் மற்றவரைக் கூவும்போதும், அவ்வாங்கிலத்தின் அடியிலே ஒரு தமிழ்ச்சொல் புதைந்து கிடத்தலை உணர்ந்தேன். பக்கந்தோறும் யான் அச்சொல்லைத் தேடித் தேடி வைத்துக்கொண்டே சென்றேன். 'தம்பி' என்றிருப்பாளோ? 'அப்பன்' என்றிருப்பாளோ? யாழ்ப்பாணத்தார் பேச்சும் வன்னியார் பேச்சும் ஒன்றோ? ஆங்கிலம் மட்டும் அறிந்தார்க்கு இவ்வெச்சம் இல்லை. தமிழ் படித்தவனுக்கு மட்டுமே அது உண்டு. நிரப்பும் கடனும் அவனுக்கே உண்டு. பாட்டியார் சொன்னதை எவரும் எழுதி வைக்கவில்லை என்ற சொல் அவ்விரவில் மீண்டும் என் காதில் விழுந்தது.

இனி, தடை ஒன்றனுக்கு விடை கூறல் வேண்டும். படம் எல்லாவற்றையும் காட்டிவிடுதலின் கற்பனை மடிகின்றது, ஆதலின் மாணவர்க்கு ஆகாது என்பர். மேலே கண்ட நூல்கள் காட்டியதைக் காட்டிலும் விட்டதே மிகுதி என்பதே என் விடை. சித்திரக்கதை அற்பமான பொருள் என்பாரும் உளர். 2022 ஜனவரியில், அமெரிக்காவின் டென்னசி மாகாணத்து மக்மின் வட்டாரப் பள்ளிக்கழகத்தார் பதின்மரும் ஒருமுகமாக வாக்களித்து, 'மௌஸ்' நூலை எட்டாம் வகுப்புப் பாடத்தினின்று நீக்கினர். சில வசைச்சொற்களும் ஆடையற்ற ஒரு சிற்றுருவமும் அதில் உள்ளன என்பது அவர் கூறிய காரணம். அற்பமான பொருளை அஞ்சி, பதின்மர் கூடி வாக்களிப்பாரோ? நீக்கியபின் அந்நூல் முன்னினும் மிகுதியாக விற்றது என்பது வேறு செய்தி.

ஆயினும் எச்சமெல்லாம் நன்றென்று யான் கூறமாட்டேன். திறமில்லாதவன் விட்ட இடமும் வெள்ளையாகவே தோன்றும். கடினமான காட்சி வந்ததும் இரண்டு கட்டம் தாண்டிக் குதித்து, சூரிய உதயத்தை வரைந்துவிடும் நூல்களையும் இவ்வாண்டு சில கண்டேன். அவற்றின் பெயரை இங்கே கூறவேண்டுவதில்லை. இரண்டற்கும் வேற்றுமை அறிய ஒரு வழியுண்டு. நல்ல எச்சத்தை நிரப்புதற்கு வேண்டியதெல்லாம் அதன் முன்னும் பின்னும் உள்ள கட்டங்களில் இருக்கும். பெட்டிமேல் வைத்த இரு கைகள் இருந்தமையாலன்றோ பாட்டியார்க்கு நடுவிலிருந்த சொல் கேட்டது! தீய எச்சத்திலோ முன்னும் பின்னும் ஒன்றுமிராது. படிப்போன் வெறுங்கையோடு நிற்பான்.

ஆகவே, ஆசிரியப் பெருந்தகையே, தாங்கள் வினவிய உறுப்பு இதுவே. படமும் சொல்லும் மட்டுமன்று. அவை இரண்டும் கூடி விட்டுவைத்த இடமும் உறுப்பு. அது செய்யுளியலிலே முன்னரே பெயர் பெற்றுள்ளது. எனவே இக்கலை நம் இலக்கியத்திற்கு முற்றும் அயலதன்று. நெடுநாள் அயலூரில் வளர்ந்த உறவினர் பிள்ளை எனக் கொள்ளலாம்.

என் உடன்மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியிலே விலங்கியல் பதிவேட்டிற் கரப்பானின் மீசை முதல் கால் வரை மயிரிழை பிசகாது வரையும் கைகள் பல உள. தமிழ்ச் சிறப்பு வகுப்பிலே உரையாடல் எழுத வல்லார் சிலரும் உளர். இவ்விரு வகையாரும் உண்ணும் அறையில் ஒரே மேசையில் அமர்ந்தும் ஒரு நூல் பிறந்திலது. வளைகுடாவிற்குச் சென்றோர் கதையும், கடலிற் சென்று மீளாதோர் கதையும், அகதி முகாமிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயில்வோர் கதையும் நம்மைச் சூழ எழுதப்படாது கிடக்கின்றன. முதலில் பத்துப் பக்கம் வரைவோம். அதற்காக இந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் ஊருக்குச் செல்லும்போது, பெட்டி மூடிய அன்று தாத்தாவிடம் என்ன சொன்னீர்கள் என்று பாட்டியாரை மறுபடியும் கேட்கக் கருதியுள்ளேன். அவர் சொன்னால் எழுதிக்கொள்வேன். சொல்லாவிடின், கைகள் இரண்டையும் செம்மையாக வரையும் நண்பர் ஒருவரைத் தேடுவேன்.